வாழையடி வாழை

மணமக்களை ஆசீர்வதிக்கும் பெரியவர்கள், "வாழையடி வாழையாகத் தழைக்க வேண்டும்" என்று வாழ்த்துவது நம் தேசத்து வழக்கம். கல்யாண வீட்டு வாசலில் குலை தள்ளிய வாழை மரங்களைக் கட்டுவதும் அந்த வாழ்த்தின் பொருட்டே. தாய் மரம் குலை ஈன்று சாய்கிறது. அதன் அடியிலே கன்று நிற்கிறது. அந்தக் கன்றுக்குப் பின் அதன் கன்று. இப்படியே வம்சம் அறுபடாமல் போய்க் கொண்டிருக்கிறது. மங்களகரமான உவமைதான், சந்தேகமில்லை.

ஆனால் தாவர சாஸ்திரம் பயின்றவர்கள் இந்த வாழ்த்தைக் கேட்டால் சற்றுக் கவலையுடன் தலையை அசைப்பார்கள். வாழைப் பழத்தில் விதை இல்லை. நடுவில் கறுப்புப் பொட்டுகளாகத் தெரிவன முளைக்கும் சக்தியற்ற விதையின் அடையாளங்களே. பல்லாயிர வருஷங்களுக்கு முன் தென்கிழக்கு ஆசியாவிலும் நியூகினித் தீவிலும் காட்டு வாழைகள் ஒன்றோடொன்று கலந்ததன் பயனாக இவ்விதையற்ற மரங்கள் தோன்றின. நியூகினியின் மலைப்பகுதியில் ஏறக்குறைய 7,000 வருஷங்களுக்கு முன்பே ஜனங்கள் வாழையைப் பயிரிட்டதற்கு அடையாளம் கிடைத்திருக்கிறது. அன்று முதல் மனிதன் கன்றைப் பெயர்த்து நட்டு நட்டே வாழையை வளர்த்து வந்திருக்கிறான். ஆகவே இன்று ஒரு தோட்டத்தில் நிற்கும் ஆயிரம் ரஸ்தாளி மரங்களும் உண்மையில் ஆயிரம் மரங்கள் அல்ல. ஒரே மரத்தின் ஆயிரம் உடல்கள் என்றே சொல்ல வேண்டும். ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். வாழையடி வாழையாகத் தழைப்பது போலவே, வாழையடி வாழையாக மடியவும் கூடும்!

இந்த விஷயம் மற்ற ஊர்க்காரர்களைவிடத் திருச்சிராப்பள்ளிக்காரர்களாகிய நமக்கு அதிகம் உறைக்க வேண்டும். முக்கொம்பில் காவேரி இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவேரியுமாக ஓட, இடையில் கிடக்கும் தீவிலேதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும் இருக்கின்றன. இந்த இரு நதிக் கரைகளிலும், மேற்கே தொட்டியம், முசிறி வரையிலும், கிழக்கே லால்குடிப் பக்கத்திலும் வாழைத் தோட்டங்கள் உள்ளன. பூவன், ரஸ்தாளி, நேந்திரம், மொந்தன், கற்பூரவல்லி, ஏலக்கி என்று வகைக்கு ஒரு குணம், குணத்துக்கு ஒரு வேலை. சுவாமிக்கு நைவேத்தியம் ஒன்று, குழந்தைக்கு ஒன்று, கறிக்கு ஒன்று, இலைக்கு ஒன்று. திருச்சி வாழை மண்டிகளில் விடியற்காலையில் தார்கள் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விவரிக்கத் தேவையில்லை.

தேச அளவில் பார்த்தாலும் இது சாமானிய விஷயம் அன்று. உலகத்தில் விளையும் வாழைப் பழத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவில்தான் விளைகிறது. இதை விளைவிப்பவர்களிற் பெரும்பாலோர் பெரிய மிராசுதார்கள் அல்லர். 2015-16-இல் எடுத்த விவசாயக் கணக்கின்படி, இந்தியாவிலுள்ள சாகுபடி உடைமைகளில் 86 சதவிகிதம் இரண்டு ஹெக்டேருக்குக் குறைந்தவை. ஒரு ஏக்கரோ அரை ஏக்கரோ, சொந்தமோ குத்தகையோ, கடன் வாங்கிக் கன்று நட்டு, சுமார் ஒரு வருஷம் காற்றுக்கும் வெள்ளத்துக்கும் பயந்து காத்திருக்கும் குடியானவரே இந்தப் பெருமைக்கு உரியவர்.

பாரெங்கும் பரந்த நோய்

ரஸ்தாளி பயிரிடும் குடியானவர் எவரைக் கேட்டாலும் வாடல் நோயைப் பற்றிச் சொல்லுவார். முதலில் அடியிலைகள் மஞ்சளிக்கும். பிறகு மட்டை முறிந்து மரத்தைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். அடித்தண்டு நெடுக வெடிக்கும். கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் கோடுகள் தெரியும். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சக்காளானே இதற்குக் காரணம். அது வேர் வழியாகப் புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்து விடுகிறது. வாழை இல்லாத நிலத்திலும் பல்லாண்டு காலம் உயிரோடு உறங்கிக் கிடக்க வல்லது.

உலகம் இந்நோயை 'பனாமா நோய்' என்று அழைக்கிறது. மத்திய அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் பல்லாயிரம் ஏக்கரில் 'குரோஸ் மிஷெல்' என்ற ஒரே வகையை நட்டு, அந்தப் பழத்தையே அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பி வந்தன. நோய் வந்தது. ஒரு தோட்டம் பாழானால் காட்டை வெட்டி வேறொரு தோட்டம் போட்டார்கள். அங்கும் நோய் வந்தது. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் அந்த வகையை அடியோடு கைவிட்டு, நோயைத் தாங்கிய 'காவென்டிஷ்' வகைக்கு மாறினார்கள். நம் ஊரில் 'மோரிஸ்' என்றும் 'பச்சை வாழை' என்றும் சொல்லப்படுவது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மொரீஷியஸ் தீவின் பெயரே 'மோரிஸ்' என்று திரிந்தது என்பர். இப்பொழுது ஊரெங்கும் பரவியுள்ள 'கிராண்ட் நைன்' என்பதும் அதே வம்சம். அந்தப் பிரெஞ்சுப் பெயருக்குப் 'பெரிய குள்ளன்' என்று பொருளாம்!

ஒரே வகையை விட்டு மீண்டும் ஒரே வகைக்கே மாறினால் என்ன ஆகும்? பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூட விடை தெரியும். காவென்டிஷையும் கொல்லக்கூடிய புதிய இனப் பூஞ்சக்காளான் ஒன்று கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் தலைதூக்கிற்று. 1997-இல் ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் அது கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு மேற்காசியாவிலும் ஆப்பிரிக்காவில் மொசாம்பிக்கிலும் தோன்றியது. 2019-இல் கொலம்பியாவையும் 2021-இல் பெருவையும் எட்டியது. நம் தேசத்தில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் 2010-களின் பிற்பகுதியில் அது அறியப்பட்டது. பாதரட்சையில் ஒட்டிய மண்ணிலும், லாரிச் சக்கரத்திலும், வேற்றூரிலிருந்து வந்த கன்றின் கிழங்கிலும் அது பிரயாணம் செய்கிறது. அதற்குப் பாஸ்போர்ட்டும் இல்லை, சுங்கச் சாவடியும் இல்லை.

நோய்க்குத் தேச எல்லை இல்லையென்றால், மருந்து தேடுவோருக்கு மட்டும் எல்லை இருக்கலாமா? இதுதான் நாம் நேயர்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

கன்றுகள் செய்யும் யாத்திரை

வாழை ஆராய்ச்சியில் நாடுகள் ஒன்று சேர்ந்தது நேற்றைய சமாசாரம் அன்று. 1922-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய டிரினிடாடில் நோய் தாங்கும் வாழையை உண்டாக்கும் முயற்சி ஆரம்பமாயிற்று. நம் பக்கத்தில் 1949-இல் தஞ்சை ஜில்லா ஆடுதுறையில் மத்திய வாழை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1993-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் திருச்சிராப்பள்ளியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. தோகைமலைச் சாலையில் தாயனூர்ப் பக்கம் போனால் அதைப் பார்க்கலாம். முந்நூறுக்கும் மேற்பட்ட வாழை வகைகளை அங்கே திரட்டி வளர்த்து வருகிறார்கள்.

நெல்லையும் கோதுமையையும் போல விதையை டப்பாவில் அடைத்துக் குளிர்ச்சியில் வைத்துக் காப்பாற்ற வாழைக்கு வழி இல்லை, விதைதான் கிடையாதே! ஆகையால் பெல்ஜியத்தில் லூவன் சர்வகலாசாலையில், 1985 முதல், உலகத்து வாழைகளுக்கென்று ஒரு சத்திரம் நடந்து வருகிறது. 1,500-க்கு மேற்பட்ட வகைகளின் சிறு துளிர்கள் அங்கே கண்ணாடிக் குழாய்களில் வாழ்கின்றன. பலவற்றைத் திரவ நைட்ரஜனில் பூஜ்யத்துக்கும் கீழே 196 டிகிரிக் குளிரில் உறைய வைத்தும் காக்கிறார்கள். எந்த நாட்டு ஆராய்ச்சியாளர் கேட்டாலும், நோய்ப் பரிசோதனை செய்த துளிர்களை அனுப்பி வைக்கிறார்கள். வாழையே விளையாத குளிர்நாடு, வாழை விளையும் நாடுகளுக்குக் கன்று வழங்குகிறது என்பது விந்தைதான். ஆனால் அந்தக் குளிர்நாட்டில் வாழை நோய் பரவ இடமில்லை என்பதே அதற்குள்ள பெரிய யோக்கியதை.

இந்த யாத்திரையில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் ரஸ்தாளியின் வர்க்கத்தைப் பிலிப்பைன்ஸில் 'லதுண்டான்' என்கிறார்கள். மலேயாவில் 'பீசாங் ரஸ்தாலி' என்று கிட்டத்தட்ட நம் பெயரையே வைத்திருக்கிறார்கள். கற்பூரவல்லியின் வர்க்கம் சயாமில் 'குளுவாய் நாம்வா'; ஆப்பிரிக்காவில் உகாண்டாவுக்குப் போனால் 'கயிஞ்ஜா'. ஒரே மரத்தைப் பத்துப் பெயரால் அழைத்துக் கொண்டிருந்தால் ஒரு நாட்டு அநுபவம் மற்றொரு நாட்டுக்கு எப்படிப் பயன்படும்? 1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இரு விஞ்ஞானிகள் உலக வாழைகளை வர்க்கம் பிரித்து முறைப்படுத்திய பிறகே, இன்னது இன்னதன் உறவு என்று தெளிவாயிற்று. கயிஞ்ஜாவுக்கு வந்த ஆபத்து கற்பூரவல்லிக்கும் வரலாம் என்று இன்று நாம் எச்சரிக்கையாக இருப்பது அதனால்தான்.

இதன் பலன் நம் வயலுக்கும் வந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் ஜனங்கள் விரும்பி உண்ணும் 'சாபா' வாழையின் வழியில் 'காவேரி சபா' என்ற வகையைத் திருச்சி மையத்தார் வெளியிட்டிருக்கிறார்கள். வறட்சியையும் உவர் மண்ணையும் தாங்கக்கூடியது என்பது இதன் சிறப்பு. வேறு பயிர் சரியாக வராத களர் நிலத்தை வைத்துக் கொண்டு தவிக்கும் குடியானவருக்கு, தூர தேசத்துக் கன்று ஒரு வழி காட்டுகிறது. தைவானில் நோய் கண்ட மண்ணிலேயே திசுவளர்ப்புக் கன்றுகளை ஏராளமாக நட்டு, பிழைத்து நின்றவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். அவ்வகைகள் பிலிப்பைன்ஸுக்குச் சென்று, வாடல் நோயால் நொந்த தோட்டங்களை மீண்டும் துளிர்க்கச் செய்தன.

அசுவினியும் அரிவாளும்

'ஆராய்ச்சி' என்றதும் நம்மவர்கள் கண்ணாடிக் குழாயையும் வெள்ளை அங்கியையுமே நினைக்கிறார்கள். வாழையின் சரித்திரத்தில் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றுக்குப் புது வகைக் கன்றே தேவைப்படவில்லை. முடிக்கொத்து நோய் என்பது இலைகளைக் குறுக்கி, உச்சியில் கொத்தாகச் சேர்த்து, மரத்தை மலடாக்கும் வியாதி. 1920-களில் அது ஆஸ்திரேலியாவின் வாழைத் தோட்டங்களைப் பாழாக்கிற்று. மாகீ என்ற இளைஞர் ஆராய்ந்து, இதைப் பரப்புவது அசுவினிப் பூச்சி என்று நிரூபித்தார். நோய் கண்ட மரத்தை உடனே அழிப்பது, சுத்தமான கன்றையே நடுவது, ஊரார் அனைவரும் சேர்ந்து இதைச் செய்வது — இவ்வளவே அவர் கண்ட வைத்தியம். தோட்டங்கள் பிழைத்தன.

அதே நோய் 1940-இல் இலங்கையிலிருந்து திருவாங்கூருக்குள் நுழைந்தது. பழனி மலைச் சரிவில் விளைந்த மணம் மிக்க விருப்பாட்சி வாழையின் பெரும்பகுதி அதனால் அழிந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழமே அது! நச்சுயிரி அற்ற திசுவளர்ப்புக் கன்றுகளை உண்டாக்கிக் கொடுத்த பிறகே அவ்வகை மீண்டும் தலையெடுத்தது. ஆஸ்திரேலியாவில் கற்ற பாடத்தைச் சிறுமலையிலும் விருப்பாட்சியிலும் அன்றே ஊர் ஊராகப் பரப்பியிருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

உகாண்டாவின் கதை இன்னும் சுவையானது. 2001-இல் அங்கே பாக்டீரியா வாடல் நோய் தோன்றி, கயிஞ்ஜாவை, அதாவது நம் கற்பூரவல்லியின் உறவினரை, வாரிக் கொண்டு போயிற்று. பூச்சிகள் வாழைப்பூவிலிருந்து பூவுக்கு நோயைச் சுமந்தன. குடியானவரின் அரிவாள் மரத்திலிருந்து மரத்துக்குச் சுமந்தது. இதற்கு என்ன செய்தார்கள்? கவைக் கம்பு ஒன்றை எடுத்து, கடைசிச் சீப்பு விரிந்ததும் பூவை முறுக்கி ஒடித்து விடுகிறார்கள். இரும்பு படவில்லை, நோயும் தாவவில்லை. காசு செலவில்லாத இந்த உபாயம், விஞ்ஞானிகளும் ஏழைக் குடியானவர்களும் ஒரே தோட்டத்தில் நின்று பேசினால் என்ன விளையும் என்பதற்கு நல்ல சாட்சி.

குடியானவருக்கு என்ன லாபம்?

தொட்டியம் பக்கத்துக் குடியானவர் ஒருவரிடம் இவற்றையெல்லாம் நாம் உற்சாகமாகச் சொல்லிக் கொண்டிருந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, வாத்தியார் ஐயா! நம்ம தாத்தா காலத்துக் கன்றை அவங்க வாங்கிட்டுப் போய், நாளைக்கு அதையே புதுப் பேர் வச்சு நம்மகிட்டே விலைக்கு விற்க மாட்டாங்களா?" என்றார்.

பட்டம் பெற்றவர்கள் கேட்கத் தவறும் கேள்வி இது. அன்னியருக்கு மிளகையும் பருத்தியையும் கொடுத்துவிட்டு நாம் பெற்றது என்ன என்பதைச் சரித்திரம் சொல்லும். ஆகவே சந்தேகம் நியாயமே. இதை உத்தேசித்துத்தான் 2001-இல் உணவுப் பயிர்களின் வித்துச் செல்வத்தைப் பற்றிச் சர்வதேச உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது; 2004-இல் அமலுக்கு வந்தது. இந்தியா உள்பட 150-க்கு மேற்பட்ட தரப்பினர் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அதன் பட்டியலில் வாழையும் உண்டு. பொதுச் சத்திரத்திலிருந்து பெற்ற வகையை, பெற்ற உருவிலேயே தமக்கென உரிமை கொண்டாடி, பிறர் வாங்க முடியாமல் தடுக்கக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. நம் பார்லிமெண்டும் 2001-இல் பயிர் வகைப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. விதையைச் சேமிக்கவும், நடவும், பரிமாறிக் கொள்ளவும், விற்கவும் குடியானவருக்குள்ள பாரம்பரிய உரிமையை அச்சட்டம் ஒப்புக்கொள்ளுகிறது. வியாபார முத்திரையிட்டு விற்பதற்கு மட்டும் தடை.

சட்டம் புஸ்தகத்தில் இருந்தால் மட்டும் போதுமா? வாதத்துக்கு இடமுள்ள ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். இரும்புச் சத்தும் 'ஏ' வைட்டமின் சத்தும் மிகுந்த வாழையை ஜீன் மாற்ற முறையில் உண்டாக்க, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பச் சர்வகலாசாலையுடன் இந்திய சர்க்கார் 2012-இல் ஓர் ஏற்பாடு செய்து கொண்டது. திருச்சி மையமும் அதில் பங்கு கொண்டது. 'ஏ' வைட்டமின் வாழைக்காக அந்தச் சர்வகலாசாலையார் எடுத்துக் கொண்ட ஜீன், பப்புவா நியூகினியின் ஒரு வாழையிலிருந்து வந்தது. இரத்த சோகையால் வாடும் தாய்மார் நிறைந்த நாட்டில் இந்த முயற்சியைக் கேலி செய்ய மாட்டோம். ஆயினும், பல வர்ண வாழைகளை நூறு தலைமுறையாகக் காத்த நியூகினி மக்களுக்கு இதில் என்ன பங்கு? இங்கே நம் நேந்திரத்திலேயே காவென்டிஷைவிட அந்தச் சத்து அதிகம் இருக்கிறதே, அதைப் பெருக்க வழி தேடினோமா? இவற்றுக்கெல்லாம் விடை கண்டு, வயலில் நடப்போகிறவரையும் வாயில் போடப்போகிறவரையும் கலந்து கொண்ட பிறகே, இவ்விதக் கன்று ஆராய்ச்சிச் சாலையின் வேலியைத் தாண்ட வேண்டும்.

நம் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். ரஸ்தாளியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக் காப்பாற்ற முடியாது. உலகத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்தே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கணக்குப் புஸ்தகத்தில் சிறு குடியானவரின் பெயரும் ஏறியிருக்க வேண்டும். அரை ஏக்கரில் நான்கு வகை வாழை வைத்திருப்பவர் ஆராய்ச்சியின் தயவை எதிர்பார்க்கும் ஏழை மாத்திரம் அல்லர். லூவனிலுள்ள கண்ணாடிக் குழாய்களுக்கு மூலதனம் கொடுத்தவர்களே அவரைப் போன்றோர்தாம். சர்வதேச மகாநாட்டில் என்ன முடிவாயிற்று என்பது அவருக்குத் தமிழில், அவர் தோட்டத்து வரப்பில், சாகுபடிக்கு முன்பே தெரிய வேண்டும். நோயற்ற கன்று அவர் எட்டும் விலையில் பக்கத்து ஊரிலேயே கிடைக்க வேண்டும். நோய் கண்ட மரத்தை ஊர் நன்மைக்காக அவர் வெட்டினால், அந்த நஷ்டத்தை ஊரும் சர்க்காரும் பகிர்ந்து கொள்ள வேண்டும். இவை இல்லாவிட்டால் ஒத்துழைப்பு என்பது காகிதத்தோடு நின்று போகும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடையில் ஒரே மாதிரி, ஒரே அளவு, ஒரே மஞ்சளாக அடுக்கிய பழத்தை மட்டுமே நாம் வாங்கினால், குடியானவரும் அதை மட்டுமே நடுவார். மத்திய அமெரிக்காவில் நடந்தது காவேரிக் கரையிலும் நடக்கும். ஒரு நாள் பூவன், ஒரு நாள் ரஸ்தாளி, ஒரு நாள் கற்பூரவல்லி என்று வீட்டுப் பெண்மணிகள் கேட்டு வாங்க ஆரம்பித்தால், அத்தனை வகைக்கும் வயலில் இடம் கிடைக்கும். ரஸ்தாளித் தார் இரண்டு காசு கூடுதலாக விற்கிறதே என்று முணுமுணுப்பவர்கள், அதை விளைவித்தவர் வாடலுக்கு எத்தனை மரத்தைப் பறிகொடுத்துவிட்டு அந்தத் தாரை வெட்டினார் என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். அடுத்த முகூர்த்தத்துக்குப் பழம் வாங்கப் போகிற நேயர்கள் நாலு வகையாகக் கேட்டு வாங்குவார்களாக!